நனைத்துப் பார்த்தால் தெரியும் குறி

எங்கள் சின்னமாமா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் ஓர் எழுத்தை எந்த மங்கலிலும் வாசித்துவிடுவார். கவிழ்த்துப் போட்ட ‘ப’. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் பட்டி மாடுகளின் பின்தொடையில் சுட்டுவந்த குறி அது. பக்கத்து ஊரில் இன்னொருவருக்கு நிமிர்ந்த ‘ப’ இருந்தது. படுத்துக் கிடக்கும் மாட்டை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்பதில் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு தலைமுறைச் சண்டை.

போர் முடிந்து 2010இல் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான விசுவமடுவுக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மாமா கூரையைப் பற்றிக் கவலைப்படவில்லை. மிதிவெடிப் பலகை இல்லாத பக்கமாகப் பார்த்து மாடு தேடப் புறப்பட்டுவிட்டார். வன்னி முழுவதும் அப்போது கட்டாக்காலி மாடுகள். யாருடையவை என்று மாட்டுக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது. என்னையும் கூட்டிக்கொண்டு போவார். என் கையில் ஒரு போத்தல் தண்ணீர், அவர் மடியில் ஒரு சவர அலகு. மயிர் அடர்ந்து சேறு அப்பிய தொடையில் தண்ணீரை ஊற்றி, தேய்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் மழித்துப் பார்ப்பார். தூரத்தில் நின்றபடி “அதில் குறி இல்லை அண்ணை” என்று யாராவது சொன்னால் அவர் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: “நனைத்துப் பார்த்தாயா?”

அறுபதுக்கு மேல் இருந்த பட்டியில் பதினொன்று கிடைத்தன. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

நான் இப்போது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். உடலிலிருந்து வெட்டியெடுத்த இழையங்களை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, நோயியல் நிபுணரின் நுணுக்குக்காட்டிக்குக் கொடுப்பது என் வேலை. ஊரில் இதை விளக்கிச் சொல்வது சிரமம். “இரத்தம் சோதிக்கிற பிள்ளை” என்று சுருக்கிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் 2022இல் மாமாவின் மகனுக்கு வந்த நோயால் மாமாவுக்கு என் வேலையை உண்மையாகவே விளங்கப்படுத்த வேண்டி வந்தது. தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மாமி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். வற்றவில்லை. மாலையானால் காய்ச்சல், இரவில் பாய் நனையும் வியர்வை, காற்சட்டை இடுப்பில் நிற்காத மெலிவு. இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைக்கப்படுவது காசநோய்தான். ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததிலும் காசநோயில் காணப்படுவது போன்ற கலக் கூட்டம் தெரிந்திருக்கிறது. மருந்து தொடங்கினார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. 1898இல் தம்பிக்கு உண்மையில் இருந்த நோயின் விசித்திரக் கலங்களை விவரித்த கார்ல் ஸ்டேர்ன்பேர்க்கே இதைக் காசநோயின் ஒரு வகை என்றுதான் நம்பினார். அப்படியல்ல என்று 1902இல் எழுதியவர் டொரத்தி ரீட் என்ற பெண் மருத்துவர். இன்று அந்தக் கலத்துக்கு இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து ரீட்-ஸ்டேர்ன்பேர்க் கலம் என்கிறார்கள். சரியாகச் சொன்னவரின் பெயர் முதலில் வருவது எனக்குப் பிடிக்கும்.

நோயின் பெயர் ஹொட்ஜ்கின் லிம்போமா. லண்டனில் தோமஸ் ஹொட்ஜ்கின் 1832இல் விவரித்தது. நிணநீர்க்கணுவில் தொடங்கும் புற்றுநோய். இதன் வேடிக்கை என்னவென்றால், வீங்கிய கணுவுக்குள் புற்றுக் கலங்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். மிச்சமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிய சனம்: சாதாரண வெண்குருதிக் கலங்கள். ஊசி முனையில் வரும் கொஞ்சத்தில் அந்த ஒன்று அகப்படாமல் போவது அதிசயமே இல்லை. அதனால்தான் மருந்துக்கு நெறி வற்றாதபோது கணுவை முழுதாக வெட்டியெடுத்தார்கள்.

வெட்டியெடுத்த கணுவைப் போமலின் என்ற காப்புத் திரவத்தோடு போத்தலில் போட்டு, கடிதத்தோடு மாமாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். மாமா அதைச் சொப்பிங் பையில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். முறுகண்டியில் பஸ் நின்றபோது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எனக்கென்று கச்சானும் வாங்கி அதே பையில் போட்டிருந்தார். காலையில் பையைத் திறந்தபோது போமலின் மணத்துக் கச்சான். அவருக்குத் தெரியாமல் எறிந்தேன்.

போத்தலைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் ஒரு நெருடல். பெரிய கணு, ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர். வெட்டித் திறக்காமல் முழுதாக, சின்னப் போத்தலில், கழுத்தளவு போமலினோடு. இழையத்தின் கன அளவைப் போல் பத்து மடங்காவது போமலின் இருக்க வேண்டும். இதில் இரண்டு மடங்கும் இருக்காது. நெருடலை அந்த இடத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மாமாவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அந்தக் கணுவில் நாங்கள் எதைத் தேடினோம் என்று சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குறி எனக்கு உதவும்.

உடலின் காவற் கலங்களுக்கு வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எல்லாம் நீலப் பொட்டுகள். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் மென்சவ்வில் தனித்தனிப் புரதங்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடித்து உள்ளே சொல்லும் வாங்கிகள் அவற்றில் பல. இவற்றுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள் 1982இல் பாரிஸில் கூடி, ‘சிடி’ என்ற பொதுவான இலக்க வரிசை ஒன்றைத் தொடங்கினார்கள். சிடி 3 என்றால் ரி கலத்தின் வாங்கியோடு ஒட்டி நிற்கும் புரதம். சிடி 20 என்றால் பி கலம். சிடி 30 என்பது, உசுப்பிவிடப்பட்ட வெண்குருதிக் கலங்கள் சில வெளியே காட்டும் ஒரு வாங்கி. சாதாரண இழையத்தில் அது அரிது. ரீட்-ஸ்டேர்ன்பேர்க் கலத்தில் ஏராளம்.

குறியை வாசிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிறபொருளெதிரி. ஒரு முயலுக்கோ ஆட்டுக்கோ அந்நியப் புரதத்தை ஏற்றினால் அதன் குருதியில் பிறபொருளெதிரிகள் உண்டாகும். ஆனால் அது ஊரே திரண்டு மாடு தேடப் போவதுபோல. ஒருவர் கொம்பைப் பார்ப்பார், ஒருவர் வாலைப் பார்ப்பார், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். எனக்கு வேண்டியது என் மாமா: ஒரே குறியை மட்டும் அறிந்தவர், அவரைப்போலவே அச்சொட்டாக இன்னும் கோடிப் பேர். 1975இல் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனும் ஜோர்ஜ் கோலரும் அதைச் செய்து காட்டினார்கள். ஒரு வகைப் பிறபொருளெதிரியை மட்டுமே சுரக்கும் கலத்தை எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்து, சாகாமல் பெருகிக்கொண்டே போகும் புற்றுக் கலத்தோடு இணைத்துவிட்டார்கள். பிறந்த கலப்புக் கலம் பெருகவும் செய்தது, அந்த ஒரே பிறபொருளெதிரியைச் சுரக்கவும் செய்தது. ஒரே தாய்க் கலத்தின் வழிவந்தது என்பதால் இதற்கு மொனோகுளோனல் என்று பெயர். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமை எடுக்கப்படவில்லை. எடுத்திருந்தால் ஒரு துளி என்ன விலைக்கு விற்றிருக்கும் என்று ஒவ்வொரு முறை அந்தச் சின்னக் குப்பியைத் திறக்கும்போதும் நினைப்பேன். இப்போதே விலை குறைவில்லை.

சிடி 30 இந்த முறையால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஜேர்மனியின் கீல் நகரத்தில் ஹொட்ஜ்கின் நோயாளி ஒருவரின் கலங்களிலிருந்து வளர்த்த கல வரிசைக்கு எதிராக மொனோகுளோனல் ஒன்றை உருவாக்கி, 1982இல் அறிவித்தார்கள். ஊரின் பெயரால் அதற்குக் கி-1 என்று பெயர். கிளிநொச்சியில் கண்டுபிடித்திருந்தாலும் அதே பெயர்தான் வந்திருக்கும் என்று எங்கள் ஆய்வுகூடத்தில் நான் அடிக்கடி சொல்வதுண்டு. சிரித்தவர் யாருமில்லை.

கி-1க்கு ஒரு குறை இருந்தது. உறைநிலையில் வெட்டிய புதிய இழையத்தில் மட்டுமே அது குறியை வாசித்தது. போமலினில் ஊறி மெழுகில் பதிந்த இழையத்தில் அதற்குக் கண் தெரியவில்லை. உலகத்தின் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இழையம் கிடப்பதோ போமலினில். பின்னர் பேர்லினில் உருவாக்கிய பெர்-எச்2 என்ற மொனோகுளோனல், அதே வாங்கியின் வேறொரு பகுதியை, போமலினுக்குத் தாக்குப்பிடிக்கும் பகுதியை, பிடித்துக்கொள்வது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதும் அதுதான்.

போமலின் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது இல்லையென்றால் கிளிநொச்சி வெயிலில் அரை நாளில் இழையம் கூழாகிவிடும். 1893இல் பேர்டினண்ட் புளூம் என்பவர் கிருமிநாசினியாக அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். அப்படித்தான் இது இழையத்தைக் காக்கும் திரவமானது. புரதங்களுக்கு இடையே சின்னச் சின்னப் பாலங்கள் போட்டு எல்லாவற்றையும் அசையாமல் கட்டிவைக்கிறது. கட்டும்போது குறியும் பாலங்களுக்கு அடியில் மூடுண்டு போகிறது. பல காலம் இது தீராத தலைவலியாக இருந்தது. 1991இல் அமெரிக்காவில் ஷி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய இழையத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தார்கள். குறி திரும்ப வந்தது. மென்மையான இழையத்தைக் காப்பாற்ற ஆயிரம் பக்குவம் பார்க்கும் துறையில், அதை அவித்துவிடு என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும்.

நாங்கள் பாவிப்பது பிரஷர் குக்கர். ஆம், சோறு வடிக்கும் அதே சாதிதான். மூன்று மைக்ரோன் தடிப்பில் சீவிய மெழுகுத் துண்டைத் தகட்டில் ஒட்டி, மெழுகைக் கரைத்து நீக்கி, காரத்தன்மையான தாங்கற் கரைசலில் ஆவி அழுத்தத்தில் சில நிமிடங்கள் அவிப்போம். தகடு சரியில்லையென்றால் இழையம் கழன்று குக்கருக்குள் மிதக்கும். அன்றைக்கு யாரும் என்னோடு பேசக் கூடாது. பிறகு ஆறவிட்டு, இழையத்திலேயே இயல்பாக உள்ள நொதியத்தை ஐதரசன் பேரொட்சைட்டால் அடக்கி, மொனோகுளோனலை ஒரு துளி விட்டு அரை மணி நேரம் காத்திருப்போம். அது குறியில் போய் அமர்ந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க இரண்டாவது பிறபொருளெதிரி. இதற்கு மாட்டைத் தெரியாது, மாமாவை மட்டும்தான் தெரியும். மாமா நிற்கும் இடத்தில் போய் நின்று, முதுகில் சுமந்துவந்த நொதியத்தை இறக்கிவைக்கும். கடைசியாக விடும் சாயமூலத்தை அந்த நொதியம் மண்ணிறமாக்கும். பின்னணியில் மற்றக் கருக்களுக்கு நீலம். நீல வயலில் மண்ணிறத்தைத் தேட வேண்டியதுதான்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. பிறபொருளெதிரிகளை இரண்டுக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பைகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில்தான் தம்பியின் தகடுகள் என் மேசைக்கு வந்தன. பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். ஆனால் போத்தலை நானே வாங்கி வைத்த இலக்கம். சொந்தக்காரன் என்று சொல்லி, என்னோடு இன்னொருவரையும் சேர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.

சாயம் பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது என் வேலை. என்ன நோய் என்று சொல்வது என் வேலையல்ல. பார்த்தேன். நீலம். எங்கும் நீலம். சிடி 30இன் மண்ணிறம் ஒரு பொட்டும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. புற்றுநோய் இல்லை, காசநோய் மருந்தையே இன்னும் கொஞ்சக் காலம் குடிக்கட்டும் என்று மனம் முடிவெழுதிவிட்டது. தகட்டைத் தட்டில் வைத்து எங்கள் நோயியல் நிபுணரான மெடத்திடம் கொண்டுபோகவும் எழுந்துவிட்டேன். எழுந்தபோதுதான் போத்தல் நினைவு வந்தது.

முதலில் சந்தேகித்தது மின்வெட்டை. குளிர் போய் பிறபொருளெதிரி கெட்டிருக்கலாம். அதைச் சோதிக்கும் ஏற்பாடு தகட்டிலேயே உண்டு. நோயாளியின் இழையத்துக்குப் பக்கத்தில் டொன்சில் துண்டு ஒன்றையும் ஒட்டுவோம். நன்றாகப் பதப்படுத்திய டொன்சிலில், நிணநீர் முடிச்சுகளின் ஓரங்களில் சில பெரிய கலங்கள் சிடி 30ஐக் காட்டியே ஆக வேண்டும். காட்டியிருந்தன, பளிச்சென்று. ஆகவே பிறபொருளெதிரி நல்லது, குக்கர் நல்லது, சாயம் நல்லது. குறி வாசிக்கிறவரில் பிழையில்லை.

பிறகு சிடி 3, சிடி 20 தகடுகளை எடுத்தேன். நிணநீர்க்கணு என்றாலே ரி கலமும் பி கலமும்தான். இவை இரண்டும் இல்லாத கணு, நெல் இல்லாத வயல். ஆனால் அந்தத் துண்டின் ஒரு விளிம்பில் மட்டும் நல்ல மண்ணிறம் இருந்தது. நடுவுக்குப் போகப் போக மங்கி, கழுவிவிட்டதுபோல் வெளிறிக் கிடந்தது. அங்கே கலங்கள் இல்லாமல் இல்லை. இருந்தும் எந்தப் பிறபொருளெதிரிக்கும் அவை பதில் சொல்லவில்லை. விமென்ரின் என்ற புரதம் கிட்டத்தட்ட எங்கும் இருப்பது. இழையம் சரியாகப் பேணப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அதைப் பாவிக்கும் பழக்கம் உண்டு. அதற்கும் சாயமிட்டுப் பார்த்தோம். நடுவில் அதுவும் வெளிறல்.

போமலின் இழையத்துக்குள் மணிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் ஊறும் என்பது எங்கள் வாய்ப்பாடு. ஆழம் போகப் போக அதைவிட மெதுவாகும். நான்கு சென்ரிமீற்றர் கணுவின் நடுவை அது எட்ட ஒரு நாளுக்கு மேல். அதுவரை வெயிலில், பஸ்ஸில், மாமாவின் மடிச்சூட்டில், நடுப்பகுதி தன் நொதியங்களாலேயே தன்னைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் மெழுகில் பதித்த துண்டு அந்த நடுப்பகுதி. அங்கே சிடி 30 இருந்ததா என்பதை இனி எத்தனை குக்கர் வைத்து அவித்தாலும் அறிய முடியாது. பாலத்துக்கு அடியில் மூடியதைத் திறக்கலாம். அழுகிப்போனதை என்ன செய்வது?

மெடம் தகடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “மிச்சக் கணு இருக்கிறதா?” இருந்தது. நல்ல போமலினில், வெட்டித் திறந்தபடி. உறைக்குக் கீழே விளிம்பை ஒட்டி நான்கு புதிய துண்டுகள் எடுத்தோம். மூன்று நாட்கள். இடையிடையே மின்வெட்டு, ஒரு முறை பாதிச் சாயமிடலில்.

இரண்டாவது தகட்டில் அவை இருந்தன. சின்னச் சின்ன நீலப் பொட்டுகளின் கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய கலங்கள். மென்சவ்வைச் சுற்றி மண்ணிறக் கோடு, கருவுக்குப் பக்கத்தில் அழுத்தமான ஒரு பொட்டு. சிலவற்றில் இரட்டைக் கரு, ஆந்தை விழிப்பதுபோல. இந்தக் கலங்கள் காட்டும் இன்னொரு குறியான சிடி 15உம் இருந்தது, சிடி 20 அந்தப் பெரிய கலங்களில் இல்லை, சிடி 3 கலங்கள் அவற்றை மாலைபோலச் சுற்றி நின்றன. பாடநூலில் அச்சடித்ததுபோல. வேறு யாருடையதாவது இருந்திருந்தால் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

அன்றிரவு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அறிக்கையை டொக்டர் விளக்குவார், ஆனால் காசநோய் இல்லை, வேறு மருந்து வேண்டும், இந்த வகை பெரும்பாலும் குணமாகக்கூடியது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்.

“பிள்ளை, முதல் தரம் பார்த்தபோது இல்லையென்றா வந்தது?”

“இல்லையென்று வரவில்லை மாமா. தெரியவில்லை என்று வந்தது. நாங்கள் பார்த்த இடம் பழுதாகியிருந்தது.”

“நான் கொண்டுவந்ததிலா பிழை?”

இல்லை என்றேன். அது உண்மைதான். கணுவை வெட்டித் திறந்து பெரிய போத்தலில் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் முறுகண்டியில் இரண்டு நாள் தங்கி வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கச்சான் எப்படியிருந்தது என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

தம்பிக்கு நான்கு மருந்துகள் சேர்த்த சிகிச்சை, இரண்டு கிழமைக்கு ஒரு முறை. தலைமயிர் கொட்டி, திரும்ப முளைத்தது. சிடி 30ஐத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, சுமந்து செல்லும் நஞ்சைக் கலத்துக்குள் இறக்கும் மருந்து ஒன்றும் 2011 முதல் உண்டு. சாயத்துக்குப் பதில் நஞ்சு, மற்றபடி என் மேசையில் நடக்கும் அதே வித்தை. அதன் விலையைத் தேடிப் பார்த்துவிட்டு மூடினேன். நல்லவேளையாக அவனுக்கு அது தேவைப்படவில்லை. இப்போது பரந்தனில் ஒரு கராஜில் வேலை செய்கிறான்.

எனக்கு இன்றும் உறுத்துவது அந்த முதல் தகட்டை எடுத்துக்கொண்டு நான் எழுந்து நின்ற நிமிடம்தான். டொன்சிலையும் பார்க்காமல், சிடி 3ஐயும் பார்க்காமல், நீலத்தை ‘இல்லை’ என்று வாசித்த நிமிடம். மாடு தேடப் போன பெண் நான். போத்தல் தண்ணீர் என் கையில்தான் இருந்தது.

ஊரில் இப்போது கட்டி வெட்டினால் எனக்குத் தொலைபேசி வருவது வழக்கமாகிவிட்டது. போன கிழமை ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அக்கா எடுத்தார், மாமாவின் பெயரைச் சொல்லி. தாயாரின் கட்டியைப் போத்தலில் தந்திருக்கிறார்களாம், காலையில்தான் பஸ்ஸாம், இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார். குளிரில் போமலின் இன்னும் மெதுவாகத்தான் ஊறும், வெளியே வையுங்கள் என்றேன். பிறகு, எத்தனை மணிக்கு வெட்டினார்கள், எவ்வளவு பெரிய போத்தல், கட்டியில் கத்தி வைத்துத் திறந்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள், நான் லைனில் நிற்கிறேன் என்றேன்.